இலை வெட்டும் தேனீ



உங்கள் பள்ளித் தோட்டத்திலோ வீட்டு வாசலிலோ ஒரு ரோஜாச் செடி இருக்குமானால், நாளைக் காலையில் அதன் இலைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். சில இலைகளின் ஓரத்தில், சட்டைப் பொத்தானை வைத்து வரைந்து கத்தரித்தாற்போல ஒரு துண்டு குறைந்திருப்பதைக் காணலாம். புழு தின்ற இலை அவ்வாறு இராது. புழு தின்றால் ஓரம் பிசிறுபிசிறாக இருக்கும். அருகில் அதன் எச்சமும் கிடக்கும். இங்கோ ஓரம் வழவழவென்று இருக்கும். வளைவில் ஒரு கோணலும் இராது. கைதேர்ந்த ஒருவர் கத்தரிக்கோல் கொண்டு வெட்டினார் என்றே எவரும் நினைப்பர்.

நானும் அவ்வாறுதான் நினைத்தேன். அவ்வாறு நினைத்ததால் ஒரு தவறும் செய்தேன். இன்று உங்களிடம் அந்தத் தேனீயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் என் தவற்றைச் சொல்லாமல் தேனீயின் கதையைச் சொல்வது முறையாகாது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1984-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திருப்பூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் ஆறாம் வகுப்பு ஆசிரியனாக இருந்தேன். அந்தப் பள்ளியின் முன்புறம் வெறும் செம்மண் தரையாகக் கிடந்தது. என் சம்பளப் பணத்தில் எட்டு ரோஜாச் செடிகள் வாங்கி நட்டேன். மாணவர்கள் முறை வைத்துக் கிணற்று நீர் சுமந்து ஊற்றினார்கள். செடிகள் தளிர்த்தன. தை மாதத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தால் இளம் இலைகளில் வட்டம் வட்டமாக வெட்டுகள். மறுநாள் இன்னும் சில. எனக்குக் கோபம் வந்தது.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தந்தை பனியன் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்தவர். தாய் வீட்டிலிருந்தபடியே பனியன்களின் நூல் பிசிறை வெட்டிக் கொடுத்து வந்தார். அந்தப் பையனின் பையில் பிசிறு வெட்டும் சிறிய கத்தரி ஒன்று இருந்தது. பள்ளி விட்டதும் அவனும் தாயுடன் உட்கார்ந்து பிசிறு வெட்டுவானாம். அந்தக் கத்தரி ஒன்றே எனக்குப் போதிய சான்றாகி விட்டது. "இலையை வெட்டியவன் நீதானே?" என்று கேட்டேன்.

"நானில்லீங்க சார். ஒரு வண்டு வந்து வெட்டிக்கிட்டுப் போகுதுங்க" என்றான் அவன்.

வண்டு வெட்டுமா? அதுவும் கவராயம் வைத்து வரைந்தாற்போல வெட்டுமா? வகுப்பு முழுவதும் சிரித்தது. இலையை வெட்டியதற்காக இரண்டு அடியும், பொய் சொன்னதற்காக ஓர் அடியும் கொடுத்தேன். அந்நாளில் ஆசிரியர் கையில் பிரம்பு இருப்பது வழக்கம். ஆயினும் வழக்கம் என்பது என் செயலுக்குச் சமாதானம் ஆகாது.

இரண்டு வாரம் சென்றது. ஒரு பிற்பகலில் தாழ்வாரத்தில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தேன். வளர்ப்புத் தேனீயின் அளவினதாய், அதனினும் சற்றுத் தடித்த, கரிய பூச்சி ஒன்று ரோஜா இலையின் விளிம்பில் வந்து இறங்கியது. இலை விளிம்பைக் கால்களுக்கிடையே பற்றிக்கொண்டது. தாடையால் வெட்டத் தொடங்கியது. வெட்டிக்கொண்டே உடம்பைச் சுழற்றியது. துண்டு இலையிலிருந்து விடுபடும் தருணத்தில் சிறகை அடித்தது. ஆகவே துண்டோடு கீழே விழவில்லை. வெட்டிய துண்டைச் சுருட்டி வயிற்றடியில் கால்களால் இடுக்கிக்கொண்டு பறந்தது. இவ்வளவும் நான் பத்து எண்ணி முடிப்பதற்குள் நடந்துவிட்டன. என் கையிலிருந்த சிவப்பு மைப் பேனா அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் அந்தப் பையனை அழைத்து என் தவற்றைச் சொல்ல எண்ணினேன். அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. விசாரித்தபோது, படிப்பை நிறுத்திப் பனியன் கம்பெனியில் 'கை மடிக்க' விட்டுவிட்டார்கள் என்றார்கள். அந்நாளில் திருப்பூர் வட்டாரத்தில் அது அரிதான செய்தி அன்று. வறுமைதான் அவனைக் கொண்டுபோயிற்றா, என் பிரம்புக்கும் அதில் பங்கு உண்டா என்பதை நான் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன் என்பதே உண்மை.

மாணவர்களே, இனி அந்தத் தேனீயிடம் வருவோம்.

உலகில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. தேனீ என்றவுடன் நாம் அடையையும், ராணியையும், ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களையும் நினைக்கிறோம். ஆனால் தேனீ இனங்களில் பெரும்பாலானவை அவ்வாறு கூட்டமாக வாழ்வன அல்ல. அவை தனித்து வாழ்பவை. அங்கே ராணியும் இல்லை, ஊழியரும் இல்லை. ஒவ்வொரு தாயும் தானே வீடு கட்டி, தானே உணவு தேடி, தானே முட்டையிடுகிறாள். அவள் தேன் சேமித்து வைப்பதில்லை. ஆகவே மனிதன் அவளை நாடுவதில்லை. பெயர் இடவும் இல்லை. நம் வட்டாரத்து மக்கள் அதைக் குளவி என்பார்கள், அல்லது வண்டு என்பார்கள்.

இலை வெட்டும் தேனீக்கள் மெகாகைலி என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. 1802-ஆம் ஆண்டு லத்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் இதற்குப் பெரிய உதடு உடையது என்று பொருள். உலகம் முழுவதும் இப்பேரினத்தில் ஆயிரத்து ஐந்நூறு இனங்களுக்கு மேல் உண்டு. இந்தியத் தேனீக்களையும் குளவிகளையும் பற்றி 1897-இல் பிங்காம் என்பவர் எழுதிய பெருநூலில் நம் நாட்டு மெகாகைலிகள் பல விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று மெகாகைலி ஆந்த்ராசினா. ஆந்த்ராசினா என்பது கரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1853-இல் பிரெடரிக் ஸ்மித் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். ரோஜா பயிரிடுவோருக்கான வேளாண் குறிப்புகளில், ரோஜாவைத் தாக்கும் பூச்சிகளின் வரிசையில் இதன் பெயரைக் காணலாம். அந்த வரிசையில் அது இருப்பது தகுமா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

மெகாகைலிகள் அனைத்தும் இலை வெட்டுவன அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மெகாகைலி லனாட்டா என்னும் இனம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. மார்பில் செம்பழுப்பு மயிர் உடையது. அது இலையை வெட்டாது. ஈரமண்ணைக் கொண்டுவந்து அறை கட்டும். கப்பலேறிய சரக்குகளின் பொந்துகளில் புகுந்தோ என்னவோ, அது கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவின் புளோரிடாவிலும் குடியேறிவிட்டது. வேறு சில இனங்கள் மரப் பிசினைக் கொண்டு கட்டும். இலை வெட்டும் இனங்களின் தாடையில் பற்களுக்கிடையே கூரிய விளிம்புகள் அமைந்துள்ளன. கத்தரிக்கோலின் அலகு போல அவை பயன்படுகின்றன.

ஒரு மெகாகைலியைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வளர்ப்புத் தேனீ மகரந்தத்தைப் பின்னங்கால்களில் உருண்டையாக ஒட்டிவைத்துக் கொண்டு செல்லும். மெகாகைலியின் பெண்ணுக்கோ வயிற்றின் அடிப்புறத்தில் அடர்ந்த மயிர்த் தூரிகை இருக்கிறது. அந்தத் தூரிகையில்தான் மகரந்தம் சேரும். பூவில் அமர்ந்திருக்கும் தேனீயின் வயிற்றடி மஞ்சள் பூசினாற்போல இருந்தால், அது மெகாகைலிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நீங்கள் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

இலைத்துண்டு எங்கே போகிறது? தின்பதற்கு அன்று. தாய்த் தேனீ ஓர் இலைத் துணுக்கையும் உண்பதில்லை. அது குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிறது. மூங்கில் குழல், பட்ட மரத்தில் வண்டு துளைத்த துளை, சுவரில் ஆணி பிடுங்கிய பொந்து, மண்ணில் உள்ள வளை, இவற்றுள் தன் உடம்பு நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தால் போதும். அதைத் தேர்ந்துகொண்டு துப்புரவு செய்யும். பின்னர் இலை வெட்டப் புறப்படும்.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்ன செய்கிறார்? உடலுக்கு ஓர் அளவு, கைக்கு ஓர் அளவு, கழுத்துப் பட்டிக்கு ஓர் அளவு என்று அட்டை வைத்திருக்கிறார். தேனீயிடமும் இரண்டு அளவுகள் உண்டு. அறையின் சுவருக்கு நீள்வட்டத் துண்டு. மூடிக்கு வட்டத் துண்டு. நீள்வட்டத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஓரம் மடிய அடுக்கித் தையல்காரரின் விரலுறை போன்ற ஒரு கிண்ணம் செய்கிறது. ஓரங்களை மென்று, கசியும் சாற்றாலும் தன் உமிழ்நீராலும் ஒட்டுகிறது. ஓர் அறைக்கு ஏறக்குறையப் பத்துப் பதினைந்து துண்டுகள் செல்லும். அட்டையும் இல்லை, அளவு நாடாவும் இல்லை. வாயிலிருந்து பொந்தின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, எங்கோ தொலைவிலுள்ள செடியில் அமர்ந்து, அதற்கேற்ற வட்டத்தை வெட்டுகிறது. தன் உடம்பையே கவராயமாகக் கொள்வதால் வளைவு பிசகுவதில்லை. ஆனால் அதைப் பிழையே செய்யாத சிற்பி என்று நான் புகழ மாட்டேன். துண்டு சில வேளை கீழே விழுந்துவிடும். விழுந்ததைத் தேடி எடுக்காது. திரும்பிப் போய் வேறொன்று வெட்டும்.

கிண்ணம் ஆனபின் உணவு தேடும். மகரந்தத்தைக் கொண்டுவந்து பூந்தேனில் குழைத்துக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்பும். இதற்குப் பலமுறை பூக்களுக்குப் போய்வர வேண்டும். அந்தக் களியின் மேல் ஒரே ஒரு முட்டையை இட்டு, வட்டத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடும். அந்த மூடியே அடுத்த அறையின் அடித்தளம். இவ்வாறு அறைக்குப் பின் அறையாக வரிசை நீளும். முடிவில் வாயிலையும் இலைத்துண்டுகளால் அடைத்துவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் பச்சை இலையில் சுற்றிய ஒரு சுருட்டு போல இருக்கும்.

இதைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் ஒரு தோட்டக்காரன் மண்ணைக் கொத்தும்போது இத்தகைய இலைச் சுருள்களைக் கண்டான். மனிதக் கை செய்தாற்போல் இருந்தது. யாரோ தன் எசமானுக்குச் சூனியம் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்று நடுங்கினான். ஊர்ப் பாதிரியாரிடம் கொண்டுபோனான். பின்னர் பாரிசு நகருக்கே கொண்டுபோனான். அங்கே அறிஞர் ஒருவர் சுருளைப் பிரித்து உள்ளே இருந்த புழுவைக் காட்டிய பிறகுதான் அவன் அச்சம் தீர்ந்தது. இந்நிகழ்ச்சியை ரெயோமூர் என்ற பேரறிஞர் தம் பூச்சி வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். தோட்டக்காரன் சூனியக்காரனைச் சந்தேகித்தான். நான் ஒரு சிறுவனைச் சந்தேகித்தேன். இருவரும் உள்ளே பார்க்காமல் முடிவு செய்தவர்களே.

இனி அறைக்குள் நடப்பதைப் பார்ப்போம். சில நாளில் முட்டையிலிருந்து புழு வெளிவரும். அதைச் சுற்றிலும் உணவு. உண்பதன்றி அதற்கு வேறு வேலை இல்லை. இலைச்சுவர் உணவு காய்ந்துவிடாமல் ஈரத்தைக் காக்கிறது. உண்டு முடித்த புழு பட்டுப் போன்ற நூலால் தன்னைச் சுற்றிக் கூடு பின்னிக்கொள்ளும். நம் போன்ற வெப்ப நாடுகளில் சில வாரங்களில் சிறகு முளைத்த தேனீயாக வெளிவரும். அதற்குள் தாய் பெரும்பாலும் இறந்திருப்பாள். தன் பிள்ளையின் முகத்தைப் பாராமலே அதற்கு வீடும் உணவும் வைத்துவிட்டுப் போகிறாள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அறைகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே இருப்பதுதான் மூத்த முட்டை. அது முதலில் வெளிவர முயன்றால், வழியிலுள்ள தம்பிகள் என்ன ஆவர்? இயற்கை இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. தேனீக்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாத முட்டை ஆணாகும். எந்த முட்டையைக் கருவுறச் செய்வது என்பது தாயின் வசத்தில் உள்ளது. உள்ளறைகளில் பெண் முட்டைகளையும், வாயிலுக்கு அருகிலுள்ள அறைகளில் ஆண் முட்டைகளையும் அவள் இடுகிறாள். ஆண்கள் விரைவாக வளர்ந்து முதலில் வெளியேறி வழியைத் திறந்துவிடுகின்றன. பின்னர்ப் பெண்கள் வருகின்றன.

இத்தனை காவல் இருந்தும் பகை இல்லாமல் இல்லை. காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுவதை அறிவீர்கள். தேனீக்களிலும் குயில்கள் உண்டு. வால்புறம் ஊசிபோல் கூர்ந்த ஒருவகைத் தேனீ, தாய் வெளியே சென்ற வேளையில் அறைக்குள் தன் முட்டையைச் செருகிவிடும். அதன் புழு அரிவாள் போன்ற தாடையால் உரிய பிள்ளையைக் கொன்று, அதற்கு வைத்த உணவைத் தின்று வளரும். இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் குயில் தேனீ ஓர் இடத்தில் இருக்கிறதென்றால், அங்கே இலை வெட்டும் தேனீக்கள் நிறைய உள்ளன என்பதற்கு அதுவே அடையாளம்.

இத்தேனீயால் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அவரை, துவரை, சணப்பு, கொழிஞ்சி முதலியவற்றின் பூவைப் பார்த்திருப்பீர்கள். மேலே நிமிர்ந்த கொடி இதழ். இரு பக்கமும் சிறகிதழ்கள். கீழே படகு போன்ற இதழ். மகரந்தத் தாள்கள் அந்தப் படகுக்குள் ஒளிந்திருக்கும். கனமான ஒரு தேனீ அமர்ந்து படகை அழுத்தினால்தான் அவை வெளியே வரும். வெளியே வந்தவை எதில் தொடும்? தேனீயின் வயிற்றடியில். மெகாகைலியின் மயிர்த் தூரிகை இருப்பதும் அங்கேதான். வளர்ப்புத் தேனீ மகரந்தத்தைத் தேன் விட்டுப் பிசைந்து உருட்டிவிடும். மெகாகைலியோ அதை உலர்ந்த பொடியாகவே சுமப்பதால், அது அடுத்த பூவில் எளிதாக உதிர்கிறது.

நம் மாவட்டத்தில் மாட்டுக்குத் தீவனமாக இடும் குதிரை மசாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூவை அழுத்தினால் உள்ளிருக்கும் தண்டு வில் போலத் தெறித்துத் தேனீயின் தலையில் அடிக்கும். வளர்ப்புத் தேனீக்கு இது பிடிப்பதில்லை. பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் திருடக் கற்றுக்கொள்கிறது. பூ விதையாவதில்லை. மெகாகைலி அந்த அடியைப் பொருட்படுத்துவதில்லை. ஐரோப்பிய, ஆசியப் பகுதிகளுக்கு உரிய மெகாகைலி ரொட்டுண்டேட்டா என்னும் சிறிய இனம் 1940-களில் அமெரிக்காவில் காணப்பட்டது. யாரும் கொண்டுசென்று விட்டதன்று, தானாகக் குடியேறியது. 1950-களின் பிற்பகுதியில் அங்குள்ள உழவர் மரப்பலகைகளில் துளையிட்டு வயலோரத்தில் வைத்தனர். தேனீக்கள் குடிவந்தன. குதிரை மசால் விதை விளைச்சல் பன்மடங்கு பெருகியது. இன்று அது அந்நாட்டிலும் கனடாவிலும் ஒரு தனித் தொழிலாகவே நடைபெறுகிறது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ஐதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் 1972-இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்னும் ஆராய்ச்சி நிலையம், துவரையில் கலப்பின விதை உண்டாக்க முயன்றது. அதற்கு மகரந்தம் இல்லாத மலட்டுச் செடிகளையும், மகரந்தம் உள்ள செடிகளையும் அடுத்தடுத்து நட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார்? மலைத்தேனீயும் மெகாகைலி இனங்களுமே. 1991-இல் உலகின் முதல் கலப்பினத் துவரை அங்கிருந்து வெளிவந்தது. அதன் பெருமையில் பெயரில்லாத இப்பூச்சிகளுக்கும் பங்குண்டு.

அதே 1991-92-இல் தென்னாட்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. தாய்லாந்து புழுப்பை நோய் என்னும் நச்சுயிரி நோய் பரவி, பெட்டிகளில் வளர்க்கப்பட்ட நாட்டுத் தேனீக்களில் பெரும்பகுதியை அழித்தது. எல்லாப் பூக்களும் ஒரே தேனீயை நம்பி இருந்திருந்தால் அவற்றின் கதி என்னவாகியிருக்கும்? பல இனம் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

இப்பொழுது ரோஜாவுக்கு வருவோம். இலையில் சில வட்டங்கள் குறைவதால் செடி சாவதில்லை. சில தளிர்கள் சிறுத்து அழகு குன்றும், அவ்வளவே. ஆயினும் பூச்சி என்றவுடன் நஞ்சு தெளிக்கும் வழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. தேனீ இலையை உண்பதில்லை என்று கண்டோம். ஆகவே இலை வழியாக அதைத் தடுக்க எண்ணுவது வீண். தெளித்த நஞ்சு பூவில் படிந்து, தாயின் உடம்பிலும் பிள்ளையின் உணவிலும் சேர்வதுதான் கண்ட பலன்.

நம் மாவட்டத்தில் இத்தேனீக்கு நல்ல புகலிடம் ஒன்று உண்டு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். மழை குறைந்த மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். நாற்புறமும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கயம் மாடுகள் மேயும் நிலம் அது. அங்கே வேலியில் காய்ந்த குச்சியும், வேல மரத்தில் வண்டு துளைத்த பொந்தும், புல்லிடையே கொழிஞ்சிப் பூவும் ஒருங்கே கிடைக்கின்றன. வீடும் உணவும் ஒரே இடத்தில். கிளுவை வேலியை வெட்டிக் கல்தூணும் கம்பியும் நடும்போது நாம் ஒரு வேலியை மாற்றுவதாக மட்டுமே நினைக்கிறோம். பல உயிர்களின் வீட்டு வாயிலை அடைக்கிறோம் என்பதை நினைப்பதில்லை.

நகரத்துக்குள்ளும் ஒன்று நிகழ்கிறது. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் இரு ஆய்வாளர் இத்தேனீக்களின் கூடுகளைப் பிரித்துப் பார்த்து, 2013-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சில அறைகளில் இலைத்துண்டுகளோடு பிளாஸ்டிக் பையின் துண்டுகளும் இருந்தன. தேனீ அதையும் வெட்டி எடுத்து வந்திருந்தது. தேனீயின் இணங்கிப்போகும் திறனுக்கு அது சான்றாகலாம். எனக்கோ அதைப் படித்தபோது நம் ஊரின் ஓடைக்கரை நினைவுக்கு வந்தது. பனியன் அடைக்கும் பாலிதீன் உறைகள் வேலிதோறும் சிக்கிக் காற்றில் ஆடுவதை நாம் தினமும் பார்க்கிறோம். நாம் எறிவது ஒரு குழந்தையின் தொட்டில் வரையில் போகக்கூடும் என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

மாணவர்களே, உங்களால் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். மெல்லிய மூங்கில், ஆமணக்குத் தண்டு, நாணல், இவற்றில் ஒரு சாண் நீளத் துண்டுகள் பத்து வெட்டுங்கள். உட்துளை பென்சிலின் பருமன் அளவு இருக்கட்டும். சிலவற்றில் சற்றுச் சிறியதும் இருக்கலாம். ஒருமுனை கணுவாலோ களிமண்ணாலோ அடைபட்டிருக்க வேண்டும். கட்டாகக் கட்டி, மழை படாத தாழ்வாரத்தில், காலை வெயில் படும்படி, எறும்பு ஏறாத இடத்தில் அசையாமல் வையுங்கள். அருகே அவரையோ துவரையோ நான்கு செடி இருக்கட்டும். தேனீ வந்தால் தேதி குறியுங்கள். எந்த இலையை வெட்டுகிறது, எத்தனை முறை வருகிறது என்று எழுதுங்கள். அஞ்ச வேண்டாம். தனித்து வாழும் இத்தேனீ கூட்டமாக வந்து கொட்டாது. கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்ட நினையாது. வாயில் அடைபட்ட குழலைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக் கொள்ளுங்கள்.

என் பேச்சை முடிக்குமுன் அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2006-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்தேன். பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளை மீட்டுவர ஆசிரியர்கள் வீடு வீடாகவும் கம்பெனி கம்பெனியாகவும் சென்ற காலம். அவ்வாறு ஒரு பனியன் கம்பெனிக்குச் சென்றபோது, துணி வெட்டும் மேசை அருகே நின்ற ஒருவர் என்னைக் கண்டு கைகூப்பினார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் நெஞ்சில் இருந்த பெயர் அது. அவர் அங்கே கட்டிங் மாஸ்டர்.

நான் அங்கேயே, பிறர் கேட்கச் சொன்னேன்: "நீ சொன்னது உண்மை. வண்டுதான் வெட்டியது. நான் பார்த்தேன். உன்னை அடித்தது தவறு."

அவர் சிறிது நேரம் மேசை மேலிருந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அது கெடக்கட்டுங்க சார். அந்த இலையை அது எங்க கொண்டுபோகுதுன்னு பாக்கோணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சுங்க. அதுக்குள்ள பள்ளிக்கூடத்தை உட்டுட்டேனுங்க. இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க."

எனக்கு அது தெரிந்திருந்தது. 1984-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பள்ளியின் பழைய சன்னல்களைச் சீர்செய்யத் தச்சர் வந்தார். ஒரு சட்டத்தைக் கழற்றியபோது, அதிலிருந்த பழைய துளை ஒன்றில் காய்ந்த ரோஜா இலைகளால் ஆன சுருட்டு இருந்தது. அறைகள் யாவும் திறந்திருந்தன. தேனீக்கள் பறந்து போயிருந்தன. அந்தச் சன்னல், அந்தப் பையன் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இருந்தது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் என்னென்னவோ கேட்டார்: எத்தனை அறை, எவ்வளவு நீளம், இலை எத்தனை மடிப்பு என்று. கட்டிங் மேசையின் மேல் சுண்ணக் கட்டியால் வரைந்து காட்டினேன். ஆறாம் வகுப்பில் நான் எடுத்திருக்க வேண்டிய பாடம் அது. இருபத்திரண்டு ஆண்டு தாமதமாக எடுத்தேன்.

உங்களில் எவரேனும் நாளை ஆசிரியராகலாம். ஒரு சிறுவன் நம்ப முடியாத ஒன்றைக் கண்டதாகச் சொன்னால், எழுந்துபோய் அவனோடு சேர்ந்து பாருங்கள். அவ்வளவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது.